எக்சேஞ்ச்காரி

எங்கள் புடவைக் கடையில் காசு போடும் லாச்சிக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. வாப்பா அதைக் கொழும்பிலிருந்து வாங்கி வந்திருந்தார். நீலத் தகரத்தில் வெள்ளை எழுத்து. ஒரே வரி, அதுவும் ஆங்கிலத்தில். யட்டியாந்தோட்டை பஜாரில் அதை வாசிக்கக்கூடியவர்கள் எங்கள் கடையில் துணி எடுக்க வருவதில்லை. துணி எடுக்க வந்தவர்களுக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஆகையால் அந்தப் பலகையால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இருக்கவில்லை, அவள் வரும்வரைக்கும்.

அன்று காலையிலிருந்தே மழை. மழை பெய்தால் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்ட முடியாது. பட்டை நனைந்துவிட்டால் பால் சிரட்டைக்குள் விழாமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். வேலை இல்லாத நாளில் தோட்டத்து ஆட்கள் பஜாருக்கு இறங்குவார்கள். எங்களுக்கு மழைதான் வியாபாரம். அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக அவளும் வந்தாள். சொப்பிங் பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து மேசையில் வைத்தாள். தீபாவளிக்கு எங்களிடம் வாங்கியதுதான். உள்மடிப்பில் ஒரு சாண் நீளத்துக்கு நூல் விட்டுப் போயிருந்தது.

“மொதலாளி, இத மாத்தணும்.”

வாப்பா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “வித்த சாமான் மாத்துறதில்ல புள்ள. போர்ட்ல எழுதி ஈக்கிது.”

அவள் பலகையை அண்ணாந்து பார்த்தாள். “அது இங்கிலீசு.”

“ஓ, இங்கிலீசுதான்.”

“எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். சிங்களம் எழுத்துக் கூட்டுவேன். எனக்குத் தெரியாத பாசையில எழுதித் தொங்கவிட்டா, அது எனக்குச் சொன்னதா ஆயிருமா?”

பக்கத்தில் திரைச்சீலைத் துணி பார்த்துக்கொண்டிருந்த சிங்களப் பெண்ணுக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும் போல. “ஹரி நே, முதலாளி” என்று சிரித்தாள். சரிதானே என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னதும் கடையில் மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். வாப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அலுமாரியிலிருந்து அதே மாதிரி ஒரு சேலையை இழுத்து அவள் முன்னால் எறிந்தார்.

“இந்தா. சும்மா கொண்டு போ.”

அவள் அதைத் தொடவில்லை.

“சும்மா எனக்கு வேணாம். நான் என்ன கையேந்தியா வந்தேன்? இந்தப் பழுத நீங்க வாங்கிக்கங்க. அப்புறம் அந்த நல்லத எங்கிட்ட குடுங்க.”

“பழுது சேலைய வெச்சு நான் என்ன செய்ற?”

“அது ஒங்க பாடு. நீங்க வித்ததுதானே?”

மழை விடும்வரை அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் வாப்பா கை நீட்டிப் பழுதுச் சேலையை வாங்கி, மற்றதைக் கையில் கொடுத்தார். அப்போதுதான் எழுந்தாள். போகும்போது என் பக்கம் திரும்பி, “சின்ன மொதலாளி, அந்தப் போர்ட்ல மாத்துறதுங்கிற வார்த்த எது?” என்று கேட்டாள். காட்டினேன்.

“என்னான்னு வாசிக்கணும்?”

“எக்சேஞ்ச்.”

இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு மண்ணெண்ணெய் போத்தலைத் தூக்கிக்கொண்டு போவதைப் போல அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஏறிப் போனாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. எங்கள் கடைப் பையன்கள் அவளுக்கு எக்சேஞ்ச்காரி என்று பெயர் வைத்தார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள். அவள் கோபப்படவில்லை. “ஆமா, அதுக்கென்ன?” என்பாள்.

எனக்கு அவளைவிட இரண்டொரு வயது கூடவோ குறையவோ இருக்கும். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, வேறு வழியில்லாமல் கடையில் நின்ற காலம். அவள் ஒடிசலான, நெடிய உருவம். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் பேசுவாள். பேசப் பேச விரல்களில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர் பாலை உரித்து உருண்டையாக உருட்டுவாள். கோபம் கூடக் கூட உருண்டை வேகமாக உருளும். சிங்களம் சரளமாகப் பேசுவாள். சண்டைக்கு மட்டும் தமிழ்தான் தோதுப்படும் என்பாள்.

அந்தச் சொல்லை அவள் கண்ட கண்ட இடத்திலெல்லாம் போட்டாள். மழையில் வேலை நின்ற நாளில் வந்து, “இன்னைக்கு எங்க பேரும் மழையும் எக்சேஞ்சு” என்றாள். பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் கூலி. இங்கிலிஷ்காரன் அப்படிச் சொல்ல மாட்டான் என்று நான் திருத்தினேன். “அவன் சொல்ல வேணாம். நான் சொல்றேன்ல” என்றாள். கேகாலைக்குப் போகிற பஸ்ஸில் ஒருமுறை அவளும் அவள் தாயும் எனக்கு முன் ஆசனத்தில் இருந்தார்கள். ஒரு கட்டடத்தைக் காட்டி, அதுதான் டெலிபோன் எக்சேஞ்ச் என்று சொன்னேன்.

“அங்க என்னத்தக் குடுத்து என்னத்த வாங்குறாங்க?”

“பேச்சைத்தான்.”

“பேச்சக் குடுத்துப் பேச்ச வாங்கவா இம்மாம் பெரிய கட்டடம்? எங்க பீலிக்கரையில தெனமும் நடக்குதே!”

தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நடப்பது பேச்சல்ல, ஏச்சு என்று அவள் தாய் மெல்லச் சொன்னாள். ஏச்சுக்கும் ஆங்கிலத்தில் அந்தச் சொல்தான் வரும், வார்த்தைகளை எக்சேஞ்ச் பண்ணினார்கள் என்றால் வாய்ச்சண்டை போட்டார்கள் என்று அர்த்தம் என நான் விளக்கினேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கேகாலை போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஆனால் விளையாட்டு அத்தோடு சரி. யாரிடமும் எதையும் சும்மா வாங்க மாட்டாள். சும்மா கொடுக்கவும் மாட்டாள். நோன்பு மாசத்தில் உம்மா தெரிந்தவர்களுக்கெல்லாம் கஞ்சி கொடுப்பா. பின்னேரம் பஜாரில் கண்டால் அவளையும் கூப்பிட்டு ஒரு வாளியில் ஊற்றிக் கொடுப்பா. மறுநாள் வாளி திரும்பி வரும்போது அதற்குள் பலாக்கொட்டையோ வல்லாரைக் கட்டோ இருக்கும்.

“என்னத்துக்கு புள்ள இது? நாங்க நன்மைக்குக் குடுக்கிறது, சும்மா எடுங்க” என்று உம்மா ஒருநாள் கோபித்தா.

“சும்மாங்கிறது எங்க லயத்து வீடுகள்ல கெட்ட வார்த்தைங்க” என்றாள். “சும்மா குடுத்தவங்கதான் பின்னாடி சொல்லிக் காட்டுவாங்க.”

உம்மாவுக்கு மனம் நொந்துவிட்டது. அடுத்த இரண்டு நாளும் வாளியை அனுப்பவில்லை. மூன்றாம் நாள் தானே அனுப்பினா. அவளோடு பழகுவது அப்படித்தான். நல்ல மனதோடு எதையாவது நீட்டினால் கையில் முள் குத்தும். எனக்கே பல தடவை எரிச்சல் வந்திருக்கிறது.

ஒரு தேர்தல் காலத்தில் எங்கள் கடைக்குப் பெரிய ஓடர் ஒன்று கிடைத்தது. வேட்பாளர் ஒருவரின் ஆட்கள் லயத்துப் பெண்களுக்கு அன்பளிப்பாகக் கொடுக்க ஒரே நிறத்தில் சேலை வாங்கினார்கள். தோட்டத்துக் கோயிலடியில் மேடை போட்டுக் கொடுத்தார்கள். துணி எண்ணிக் கொடுக்க நானும் போயிருந்தேன். அவளுடைய முறை வந்தது. சேலையை வாங்காமல், மேடையில் நின்றவரிடம் கேட்டாள்.

“இதுக்கு மாத்தா நாங்க என்ன தரணும், ஐயா?”

“ஒன்னும் வேணாம்மா. அன்பளிப்பு.”

“அன்பளிப்புன்னா போன வருசமும் வந்திருப்பீங்களே? வோட்டுக்குத்தான்னு வாயத் தொறந்து சொல்லுங்க. அப்ப எக்சேஞ்ச் பேசலாம். எங்களுக்குச் சேல வேணாம், பீலிக்குப் பைப்பு வேணும். ரெண்டு பக்கமும் சம்மதிச்சாத்தான் எக்சேஞ்சு. ஒரு பக்கம் மட்டும்னா அதுக்குப் பேரு புடுங்குறது.”

ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. பைப் வரவில்லை. கட்சித் தலைவர்மார் அவளைக் கண்டால் வேறு பாதையில் போக ஆரம்பித்தார்கள். சேலை வாங்காத ஒரே ஆள் அவள்தான். அவள் தாய்கூட வாங்கிவிட்டாள். அதற்காக அவள் தாயோடு சண்டை போடவில்லை. “அது அம்மா இஸ்டம். எங் கையி என் இஸ்டம்” என்றாள்.

அவளுக்குத் தகப்பன் இல்லை. தாயும் ஒரு தம்பியும்தான். தம்பி ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் ஸ்டோரில் வேலை செய்தான். கண் எப்போதும் சிவந்திருக்கும், சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. குடும்பத்துக்குப் பெரியவராக இருந்தவர் தாய்மாமன். பக்கத்துத் தோட்டத்தில் கங்காணி. நரைத்த மீசையும் குடையுமாக வருவார். வாப்பாவுக்கு அவரிடம் மரியாதை உண்டு.

ருவான்வெல்லைப் பக்கத் தோட்டமொன்றில் திருவிழாவுக்குப் போன இடத்தில் தம்பி ஒரு பெண்ணைப் பார்த்திருந்தான். அவளுக்கும் இவனைப் பிடித்திருந்தது. மாமன் பேசப் போனார். அந்தப் பெண்ணின் தகப்பன் ஒரு நிபந்தனை வைத்தார். என் வீட்டிலும் கலியாணம் ஆகாத மூத்த மகன் இருக்கிறான். உங்கள் வீட்டுப் பெண்ணை அவனுக்குக் கொடுத்தால், என் பெண்ணை உங்கள் பையனுக்குத் தருகிறேன். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது எங்கும் நடக்கிற காரியம். செலவும் மிச்சம். மாமன் அங்கேயே தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

எங்கள் கடைக்கு எல்லாருமாக வந்தபோதுதான் அவளுக்கு முழு விபரமும் தெரிந்தது. தம்பிக்குக் கலியாண உடுப்பு எடுக்கப் போகிறோம் என்று சொல்லித்தான் அவளைக் கூட்டி வந்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனும் வந்திருந்தார். அவருடைய மூத்த மகன் உள்ளே வராமல் வாசல் படியில் ஒதுங்கி, தெருவைப் பார்த்தபடி நின்றான். முப்பது வயதிருக்கும். நல்ல வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

மாமன் வாப்பாவிடம், “மொதலாளி, கூறச் சேல ரெண்டு எடுங்க. ரெண்டும் ஒரே வெல, ஒரே சரிகையா இருக்கணும். ஒன்னு இங்கருந்து போவுது, ஒன்னு அங்கருந்து வருது. அந்தப் பக்கம் ஒசத்தி, இந்தப் பக்கம் தாழ்த்தின்னு பேச்சு வந்திரக் கூடாது” என்றார்.

நான் இரண்டு சேலைகளை விரித்தேன். அவள் விரல் நுனியில் ரப்பர் உருண்டை நின்றுவிட்டது.

“இங்கருந்து போறது யாருக்கு, மாமா?”

தாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீதான் புள்ள” என்றார் மாமன். “ஒனக்கும் வயசு போவுதில்ல? ரெண்டு கலியாணமும் ஒரே பந்தல்ல முடிஞ்சிரும்.”

“அப்ப இது எக்சேஞ்சா?”

“ஆமா, என்னான்னோ வச்சுக்க.”

“சாமான மாத்துறவங்க, சாமான் அவங்க கையில இருந்தாத்தான் மாத்தலாம். நான் யாரு கையில இருக்கேன்? ஒங்க கையிலயா?”

“கடையில நின்னுக்கிட்டு என்ன பேச்சு பேசுற?” மாமன் கை ஓங்கிவிட்டார்.

வாப்பா மேசைக்கு அந்தப் பக்கமிருந்து எழுந்தார். “கங்காணியார், கை ஓங்குறத்த கடைக்கு வெளிய வெச்சுக்கோங்க” என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மாமனுடைய கை இறங்கியது.

அவள் தம்பியைப் பார்த்தாள். “டேய், ஒனக்கு அந்தப் புள்ளையப் புடிச்சிருக்கா?”

“புடிச்சிருக்கு, அக்கா.” அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

“அப்ப அவளக் கேட்டுக் கட்டு. என்னையக் குடுத்துக் கட்டாத.”

பெண்ணின் தகப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “அப்ப எம் பொண்ணும் இல்ல. வாடா போவோம்” என்று இறங்கிவிட்டார். வாசலில் நின்ற மகன் ஒரு தரம் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுத் தகப்பனுக்குப் பின்னால் போனான். மேசையில் இரண்டு கூறைச் சேலைகளும் விரித்தபடியே கிடந்தன. நான் மடிக்கப் போனேன். “இரி, கொஞ்சம் இரி” என்றார் வாப்பா.

அதற்குப் பிறகு லயத்தில் அவளுக்கு நடந்ததை அவளாகச் சொல்லவில்லை. மற்றப் பெண்கள் துணி எடுக்க வந்தபோது சொல்லித்தான் தெரியும். மாமன் வாசல் மிதிப்பதை நிறுத்திவிட்டார். தாய் அவளோடு பேசுவதில்லை. தம்பி வீட்டில் சாப்பிடுவதில்லை, ஸ்டோரிலேயே படுத்துக்கொள்கிறான். தம்பி வாழ்க்கையில் மண்ணைப் போட்டவள் என்று பீலிக்கரையில் அவள் காதுபடப் பேசினார்கள். ஒரு மழை நாளில் கடைக்கு வந்து வழக்கம்போல இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். மெலிந்திருந்தாள்.

“எப்படி அக்கா?” என்றேன்.

“எல்லாரும் எங்கிட்டப் பேசாம இருக்காங்க. நானும் அவங்ககிட்டப் பேசாம இருக்கேன். இது சரியான எக்சேஞ்சுதானே, சின்ன மொதலாளி?”

சிரிக்கத்தான் சொன்னாள். முகம் சிரிக்கவில்லை.

“தம்பிக்காகக் கொஞ்சம் விட்டுக் குடுத்திருக்கலாமே” என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“தம்பிக்காக என்ன வேணும்னாலும் குடுப்பேன். கிட்னியக் கேட்டாக்கூடக் குடுப்பேன். ஆனா கேட்டு வாங்கணும். எனக்குத் தெரியாம என்னைய எடுத்து நீட்டக் கூடாது.”

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் ருவான்வெல்லைக்குப் பஸ் ஏறினாள். விசாரித்து விசாரித்து அந்தத் தோட்டத்துக்கு ஏறிப் போய், துணி துவைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் முன்னால் நின்றிருக்கிறாள். அந்தப் பெண்ணே இதைப் பிற்காலத்தில் எங்கள் வீட்டில் வைத்துச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். முதலில் அவள் பயந்துவிட்டாளாம்.

“என்னைய வேணாம்னு சொல்லத்தானே வந்தீங்க?”

“ஒன்னைய வேணும்னு சொல்ல வந்திருக்கேன். எதுக்கும் மாத்தா இல்ல. என் தம்பி ஒன்னைய நெனச்சுக்கிட்டுச் சோறு திங்காமக் கெடக்கான். ஒனக்கு இஸ்டம்னா வா. இல்லன்னா இல்லன்னு சொல்லு, அவன்கிட்டப் போயிச் சொல்லிர்றேன்.”

“எங்கப்பா கொன்னுருவாரு.”

“அதையும் யோசிச்சுக்க. நான் இழுத்துக்கிட்டுப் போக வரல. அப்படிப் போனா நானும் ஒங்கப்பா மாதிரித்தான்.”

அவ்வளவுதான். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்துவிட்டாள். அந்தப் பெண் நிறைய நாள் யோசித்தாள். அந்த நாட்களில் இவள் கடைக்கு வந்தாலும் தெருவையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு ஒரு காலையில் ருவான்வெல்லை பஸ்ஸிலிருந்து அந்தப் பெண் ஒரு சொப்பிங் பையோடு இறங்கினாள். நேரே எங்கள் கடைக்கு வந்து, எக்சேஞ்ச் அக்கா வீடு எங்கே என்று கேட்டாள்.

கலியாணப் பதிவுக்குச் சாட்சி வேண்டியிருந்தது. மாமனுக்குப் பயந்து லயத்தில் ஒருவரும் வரவில்லை. அவள் வாப்பாவிடம் வந்து நின்றாள். வாப்பா மறுப்பார் என்றுதான் நான் நினைத்தேன். கங்காணியைப் பகைத்தால் அந்தத் தோட்டத்து வியாபாரம் போய்விடும். வாப்பா தொப்பியைக் கழற்றித் தட்டிப் போட்டுக்கொண்டார்.

“பொம்புளைக்குப் பொம்புள மாத்துறது எங்கட மார்க்கத்திலயும் கூடாது” என்றார். “நானும் இவனும் வாறோம். நட.”

கையெழுத்து வைத்துவிட்டுக் கடைக்கு வந்ததும், அன்று விரித்துக் காட்டிய கூறைச் சேலைகளில் ஒன்றை எடுத்து மணப்பெண்ணுக்குக் கொடுக்கப் போனார். அக்காக்காரி இடையில் கையை நீட்டித் தடுத்தாள். இந்த ஒரு நாளாவது சும்மா வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் தன் காதிலிருந்த தோட்டைக் கழற்றத் தொடங்கியிருந்தாள். வாப்பா பதறிப்போனார்.

“ஆத்துத் தண்ணி கடைக்குள்ள வாற காலத்தில வந்து மூட்ட தூக்கு. அது போதும்” என்றார்.

அவள் யோசித்தாள். “சரி. அது எக்சேஞ்சு” என்றாள். தோடு காதுக்குத் திரும்பிப் போயிற்று. பின்னால் களனி கங்கை பெருகி பஜாருக்குள் தண்ணீர் வந்த வருஷம், யாரும் கூப்பிடாமலே தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து, துணி மூட்டை எல்லாவற்றையும் மேல்மாடிக்கு ஏற்றினாள். கழுத்தளவு தண்ணீரில் கடைசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் வந்தது எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

அன்று கடையில் மாமனிடம் பேசிய பேச்சுக்கு அவள் கொடுத்த விலை பெரிது. வாயாடி, மாமனையே எதிர்த்தவள் என்று பெயர் பரவிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் அவளைப் பெண் கேட்டு வரவில்லை. தாய் சாகிற வரைக்கும் அதைச் சொல்லியே அழுதாள். அவள் தம்பி வீட்டிலேயே இருந்தாள், பால் வெட்டினாள், தம்பி பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தாள். தம்பி பெண்டாட்டியோடு சண்டையும் போட்டாள். சண்டை ஓய்ந்தால் இருவரும் ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பார்கள். ஆனால் தீபாவளி வந்தால் அந்தப் பெண் வாசலில் போய் நிற்பாள். பிறந்த வீட்டிலிருந்து யாரும் வருவதில்லை. தகப்பன் தலை முழுகிவிட்டார். அந்த நேரம் மட்டும் இவள் வாய் பேசாமல் கொல்லைக்குப் போய்விடுவாள் என்று தம்பி சொல்லியிருக்கிறான்.

நாட்டில் யுத்தம் முடிந்து, வீதியில் சோதனைச் சாவடிகளை எடுக்கத் தொடங்கிய வருஷம் தம்பியின் மூத்த மகள் பெரியவளானாள். சடங்குக்கு எனக்கும் சொல்லியிருந்தார்கள். வாப்பா மவுத்தாகி, கடை என் கைக்கு வந்திருந்தது. சடங்கன்று காலையில் கடை திறந்ததும் நரைத்த தலையோடு ஒருவர் வந்தார். பெண் பிள்ளைக்குப் பட்டுப் பாவாடையும் தாவணியும், தாய்க்கு ஒரு சேலையும் கேட்டார். தாய்மாமன் சீர் என்றார். எந்தத் தோட்டம் என்று கேட்டேன். சொன்னார். அப்போதுதான் முகம் பிடிபட்டது. வாசலில் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த மாப்பிள்ளை.

“அப்பா இருந்தவரைக்கும் போகக் கூடாதுன்னு சத்தியம் வாங்கி வச்சிருந்தாரு. அவரு போயிட்டாரு” என்றார். பிறகு, “மச்சானோட அக்கா இருப்பாங்களா? என்னைய உள்ள விடுவாங்களா, மொதலாளி?” என்றார். அவருக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லாம் இருந்தார்கள். இருந்தும் தனியாகத்தான் வந்திருந்தார்.

கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு அவரைத் திரீவீலரில் ஏற்றிக்கொண்டு போனேன். லயத்து வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். தாய்மாமன் முறைக்கு ஆள் இல்லாததால் யாரை உட்கார வைப்பது என்று பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள்தான் எங்களை முதலில் கண்டாள். தலை நரைத்திருந்தது. கை பழையபடி இடுப்புக்குப் போயிற்று. அவர் சீர்த் தட்டை நீட்டிக்கொண்டு பந்தலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

“என்னையப் புடிக்கலன்னு சொன்ன வீடு” என்றார். “உள்ள வரலாமான்னு தெரியல.”

“நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?” என்றாள் அவள். குரலில் பழைய காரம் அப்படியே இருந்தது. “ஒங்கள எனக்குத் தெரியவே தெரியாது. தெரியாத மனுசன எப்படிப் புடிக்காமப் போவும்? மாத்துறதுக்குச் சம்மதமில்லன்னுதான் சொன்னேன். இப்பக் கேட்டாலும் அதத்தான் சொல்வேன்.”

அவர் தலையைக் குனிந்தார். தட்டில் பட்டுக்கு மேலே வைத்திருந்த தேங்காய் ஆடியது.

“அன்னைக்கு என்னையும் யாரும் கேக்கலிங்க” என்றார். “காலையில சட்டையப் போடுன்னாங்க, போட்டுக்கிட்டு வந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

அவள் இடுப்பிலிருந்த கையை எடுத்தாள். உள்ளேயிருந்து தம்பி பெண்டாட்டி, அண்ணனின் குரல் கேட்டு, ஈரக் கையோடு ஓடிவந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப அன்னைக்கு ஒங்களுக்கும் சேத்துத்தான் நான் பேசியிருக்கேன்” என்றாள் அவள். இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள். “உள்ள வாங்க. ஒங்க மருமக மணையில காத்துக்கிட்டிருக்கா.”